பதினான்காவது நிமிடத்துப் புகை

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்கா இறந்து இரண்டு வருடம் முடிந்த நாள். கேளம்பாக்கத்தில் அவள் கணவர் படையல் போட்டார். நான் இங்கே நெதர்லாந்தில் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

2. காலையில் கூட்டம். அடுத்த வருடம் உணவகங்களின் மெனுவில் எந்தச் சுவைகள் ஏறும், எவை இறங்கும் என்ற பட்டியலை முடித்தோம். ஏறுபவை ஒன்பது, இறங்குபவை நான்கு. ஏறுபவற்றில் முதலிடம் விறகுப் புகைக்கு. இறங்குபவற்றில் மூன்றாவது, நான் உருவாக்கிய ஒரு சுவை.

3. மாலையில் மகள் இனியாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, கால்வாய் ஓரத்து உணவகம் ஒன்றுக்குப் போனேன். அவளுக்கு ஆறு வயது. உருளைக்கிழங்கு வறுவல் கேட்டாள்.

4. வறுவலின் மேல் பழுப்புப் பொடி தூவியிருந்தார்கள். தட்டு மேசைக்கு வருமுன் வாசனை வந்தது. அக்காவின் கடை எதிரே வந்து நின்றது.

5. ஒன்றை எடுத்துக் கடித்தேன். கடை மறைந்துவிட்டது.

6. "பெரியம்மா கடை வாசனை தெரியுதா?" என்று இனியாவிடம் கேட்டேன். "எந்தப் பெரியம்மா? போன்ல இருமிட்டே இருப்பாங்களே, அவங்களா?" என்றாள்.

7. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் மகள் அபி அழைத்தாள். "சித்தி, இன்னிக்கும் கொயம்பு அம்மா வெச்சா மாரி வரல. இன்னா கொறையுதுன்னு உனக்காச்சும் தெரியுதா?"

8. தெரியாது என்றேன்.

எட்டாவதாகச் சொன்னது பொய். இரண்டு வருடமாகச் சொல்லிவந்த பொய்.

*

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் மசாலா கம்பெனி என்று சொல்லிவிடுவேன். ஓரளவு உண்மைதான். பொத்தேரியில் உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். ஏழு வருடமாக இங்கே, உணவகங்களுக்கும் சிப்ஸ் கம்பெனிகளுக்கும் சுவையும் மணமும் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருக்கிறேன்.

எங்கள் சுவரில் வருடந்தோறும் ஒரு பட்டியல் ஒட்டப்படும். புளிக்கவைத்த மிளகாய், கடற்பாசி உப்பு, கருப்பு எலுமிச்சை, தேனும் காரமும் சேர்ந்தது. ஒரு சுவை முதலில் பெரிய நகரத்து உணவகம் ஒன்றில் சின்னத் தட்டில் வரும். பிறகு சாஸாக வரும். பிறகு சிப்ஸ் பாக்கெட்டில் வரும். பாக்கெட்டில் ஏறிவிட்டால் அதற்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். நாங்கள் அடுத்ததைத் தேடத் தொடங்கிவிடுவோம். மூன்று வருடங்களுக்கு முன் அப்படித் தேடியபோது யாரோ "உலர்ந்த மீன்" என்றார்கள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதே வாரம் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சமைக்கும்போது வாசனை படிக்கட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று டச்சில் பணிவாகக் கேட்டிருந்தார்கள். யார் வீடு என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுத்தது ஒரே ஒரு வீடுதான். மூன்று வயது இனியா மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் மேல் ஏறி நின்றிருந்தாள். திங்கட்கிழமை அதே வாசனையை அடுத்த வருடத்தின் சுவை என்று சொல்லி எனக்கு ஒரு கோப்பு கொடுத்தார்கள்.

நான் உடனே சொன்னேன்: எனக்கு ஒரு இடம் தெரியும்.

*

கேளம்பாக்கம் ஜங்ஷனிலிருந்து கோவளம் போகும் சாலையில், தகரக் கூரையின் கீழ் அக்கா ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். நான்கு பெஞ்சு. அவள் கணவர் ஏழுமலை மாமா காலையில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டப் போவார். ஐடி கம்பெனிப் பையன்கள், கட்டட வேலை செய்பவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் வந்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்காக. அக்காவுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். பொத்தேரியில் படித்த நான்கு வருடமும் சனி ஞாயிறுகளில் அந்தக் கடையில்தான் இருந்தேன்.

மற்றவர்கள் கருவாட்டை எண்ணெயில் வறுப்பார்கள், அல்லது கழுவி நேராகக் குழம்பில் போடுவார்கள். அக்கா கடைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, சவுக்கு மிளாறுகளைக் கொளுத்தி, கம்பி வலையில் கருவாட்டைப் பரப்பிச் சுடுவாள். கடற்கரைத் தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் அந்த மெல்லிய சுள்ளிகள் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு புகைக்கு உள்ளேயே குந்தியிருப்பாள். தள்ளி உட்கார்ந்தால் எப்போது கருகும் என்று தெரியாதாம்.

மூன்றாம் வருடம் படிக்கும்போது, சுத்தமான சமையலறைக்குப் பன்னிரண்டு விதிகள் என்று சார்ட் பேப்பரில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். கை கழுவுவதில் தொடங்கி, பன்னிரண்டாவதாக 'புகையில்லாத அடுப்பு மட்டும்' என்று முடியும். அடுத்த சனிக்கிழமை போனபோது சார்ட்டின் அடிப்பக்கம் உள்ளே மடித்து ஒட்டப்பட்டிருந்தது. பதினொரு விதிகள்தான் தெரிந்தன.

"இன்னாக்கா இது?"

"பதினொண்ணு கீது இல்ல? அதெல்லாம் கரீட்டா செஞ்சிகினுதான கீறேன். பன்னண்டாவது பாட்டுக்கு உள்ள தூங்கட்டும்."

"பொக நெஞ்சுக்கு நல்லதில்லக்கா."

"ஏய் பவி, காலேஜில சொன்னத காலேஜிலயே வெச்சிட்டு வா. உன் ஆஸ்டல்ல போடறானே ஒரு சாம்பாரு, அதுல பொகையே இல்ல. நல்லாவா கீது?"

சீனு என்ற ஆட்டோக்காரர் தினமும் முதல் பந்தியில் உட்காருவார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் என்னிடம் சொன்னார்: "சிஸ்டரு, அண்ணி கைல வம்பு பண்ணாத. கொயம்பு மாறிச்சின்னு வெய்யி, நாளைலேர்ந்து நான் உன் ஆஸ்டலு வாசல்ல வந்து குந்திக்குவேன்."

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

*

நான்கு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு மாமாவிடம், "இவங்க சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டாராம்.

"எம் பொண்டாட்டி பீடிய கூட தொட்டது கெடையாது டாக்டர். இன்னா கேள்வி கேக்கறீங்க?" என்று மாமா எகிறியிருக்கிறார்.

"அப்ப விறகடுப்பா?"

மாமா வீட்டுக்கு வந்து, கடைக்குப் பின்னால் இருந்த மூன்று கல்லையும் தூக்கி ரோட்டோரம் போட்டார். இனிமேல் எல்லாம் கேஸ்தான் என்று அக்கா அவருக்குச் சத்தியம் செய்தாள். எனக்குப் புகைப்படம் அனுப்பினாள். மடித்த சார்ட்டைப் பிரித்து ஒட்டியிருந்தாள். வெளுக்காத அந்தக் கடைசி வரி மட்டும் புதிதாக இருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "பாத்துக்க, பன்னண்டும் ஓகே. டாக்டரு, ஆபீசரம்மா, ரெண்டு பேருக்கும் சந்தோசமா?"

அடுத்த வருடம் நிறுவனத்தின் கோப்போடு விடுமுறையில் போனேன். ஆறு காற்றுப் புகாப் பைகள், ஒரு குளிர்ப்பெட்டி.

"என் கொயம்ப டெஸ்ட்டு பண்ணப் போறியா?" என்றாள் அக்கா. "இன்னா நோவு அதுக்கு?"

"நோவு இல்லக்கா. ஓட்டல்ங்கள்ல இந்த மாதிரி ருசி கேக்கறாங்க."

"வெள்ளக்காரனா? கருவாடா?" அபியைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கேட்டியாடி, நம்ம கொயம்பு பிளைட்டுல போவுது. நாமதான் கோவளம் பஸ்ஸுல நின்னுகினு போறோம்."

அன்று சாப்பிட்டேன். பழைய ருசி அப்படியே இருந்தது. "கேஸ்ல சுட்டாலும் அதே மாதிரி வருதேக்கா" என்றேன். அவள் கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "கை கீது இல்ல, கை." மாமா பெருமையாகத் தலையை ஆட்டினார்.

*

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கருவி இருக்கிறது. குழம்பின் வாசனையைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஒரு கண்ணாடி முனைக்கு அனுப்பும். அங்கே மூக்கை வைத்து நாற்பது நிமிடம் உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் என்ன வந்தது என்று எழுத வேண்டும். ஒருவர் மூக்கை நம்ப முடியாது என்பதால் இரண்டு பேர் மாறி மாறி உட்காருவோம். என்னோடு மார்லேன் என்ற டச்சுக்காரப் பெண்.

மூன்றாம் நிமிடம் மீன். ஆறில் வெங்காயம். பதினொன்றில் வறுத்த மசாலா. பதினான்காம் நிமிடம் சவுக்குப் புகை.

மார்லேன் அதற்கு எதிரே 'மருத்துவமனை' என்று எழுதினாள். எங்கள் தொழிலில் அந்த வாடை குறைகளின் வரிசையில் இருக்கிறது. பழச்சாற்றில் அது வந்தால் ஒரு தொட்டிச் சாற்றையும் கொட்டிவிடுவார்கள். ஐரோப்பாவில் புகைச் சுவைகளுக்கு விதிகளும் கடுமை. ஆகவே அதை நீக்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

கேஸ் அடுப்பில் அந்த வாசனை வர வழி இல்லை. கண்ணாடி முனையிலிருந்து மூக்கை எடுக்கும் முன்பே எனக்கு அது தெரிந்துவிட்டது. அக்கா இன்னும் புகையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள். பிறகு வேறு காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். அ: கருவாடு காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் எதையாவது எரித்திருக்கலாம். ஆ: படகுக்குப் பூசும் தார். இ: பழைய பாத்திரம். மூன்றையும் நான் நம்பவில்லை. பதினான்காம் நிமிடத்துக்கு எதிரே 'குறை. வெளிக் கலப்பு. நீக்குக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் பேசினேன். அபியின் மார்க்கைப் பற்றியும் இனியாவின் சளியைப் பற்றியும் பேசினோம். அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும் என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்: குழம்பின் மாதிரி இன்னொரு தவணை வேண்டும் என்று நிறுவனம் கேட்டிருந்தது. அடுப்பு மாறினால் குழம்பு மாறிவிடும்.

அந்தச் சுவைக்கு 'கிழக்குக் கடல்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஒரு பெரிய உணவகத்தில் சிப்பியோடு வந்தது. பிறகு சாஸானது, வறுவலின் மேல் தூவும் பழுப்புப் பொடியானது. மார்லேன் "கராவாடோ" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

*

பதினொரு மாதம் கழித்து அக்கா இறந்தாள்.

அப்போது என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போகலாம். கடவுச்சீட்டில் ஒரு ஒட்டுத்தாள் இல்லாமல் திரும்பி வர முடியாது. ஒட்டுத்தாளுக்கு நேரம் வாங்க வேண்டும். அவசரம் என்றால் அதற்கு ஒரு படிவம். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள்: துணைவர், பெற்றோர், பிள்ளை, மற்றவை. 'மற்றவை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். கவுண்ட்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். என் டச்சு அன்று சரியாக வரவில்லை. அக்கா இருக்கிறாள் என்று நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு முறை திருத்தினார். மூன்றாவது முறை விட்டுவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. கடை பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கித் திறந்தேன். முதலில் சார்ட்டைப் பார்த்தேன். பதினொரு விதிகள்தான் இருந்தன. அடிப்பக்கம் மறுபடி மடிக்கப்பட்டிருந்தது.

பின்பக்கம் போனேன். தகர வேலிக்கு அந்தப் பக்கம், பிளாட் போட்டு விற்காமல் கிடந்த காலி மனையில் மூன்று கருத்த கற்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், சாக்கில் சுற்றிய கம்பி வலை. மாமா காலை ஐந்து மணிக்கு மீன் வாங்கக் கோவளம் கிளம்புவார், ஏழு மணிக்குத் திரும்புவார். அபி ஏழுக்கு முன் எழுந்திருக்க மாட்டாள். அந்த இரண்டு மணி நேரம்.

வலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மாமா வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதுகு தெரிந்தது. நான் வந்த சத்தம் கேட்டுத் திரும்பாமலே சொன்னார்.

"கேஸுக்கு மாத்தியும் போய்ட்டாளே பவி. சொன்னதெல்லாம் கேட்டாளே. அப்பறம் இன்னாத்துக்கு போனா?"

நான் பின்பக்கம் திரும்பிப் போய், வலையைச் சாக்கில் சுற்றி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மாமா ஆட்டோவை விற்றுவிட்டுக் கடையைத் திறந்தார். அபி கல்லூரி பஸ் வருமுன் குழம்பு வைத்துவிட்டுப் போவாள். அதே மிளகாய், அதே புளி, அதே கோவளத்துக் கருவாடு. முதல் நாள் சீனு சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவினாராம். "அண்ணாத்த, கோச்சிக்காத. இது அண்ணி வெச்ச கொயம்பு இல்ல. அண்ணி போட்டோவுக்கு முன்னால வெக்கிற கொயம்பு."

அப்போதிலிருந்து இருவரும் தேடிக்கொண்டிருந்தார்கள். புளியை மாற்றினார்கள், சட்டியை மாற்றினார்கள், மாங்காய் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டார்கள், நான்தான் படித்தவள் என்பதால். நானும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைச் சொன்னேன். உப்பைக் குறையுங்கள். வெந்தயத்தைக் கடைசியில் போடுங்கள். அபிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. எட்டு வயது வரை மருந்து இழுத்தவள். உண்மையைச் சொன்னால் அவள் எங்கே போய் உட்காருவாள் என்று எனக்குத் தெரியும்.

*

அந்த வெள்ளிக்கிழமை அபியிடம் தெரியாது என்று சொன்ன பிறகு, இனியா சொன்னது மண்டைக்குள் திரும்பத் திரும்ப வந்தது. இருமிட்டே இருப்பாங்களே. அக்கா இருமியதாக எனக்கு நினைவே இல்லை.

போனில் அக்காவின் குரல் செய்திகளை வைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்று. இறந்த பிறகு சிலவற்றைக் கேட்டிருக்கிறேன், அவள் சொல்வதற்காக. சனிக்கிழமை காலை, இனியா நீச்சல் வகுப்பில் இருந்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். மடியில் நோட்டு.

நாற்பத்து மூன்றில் முப்பத்தொரு செய்திகளில் இருமல் இருந்தது. "பன்னண்டும் ஓகே" என்ற செய்தியின் கடைசியிலும் இருந்தது. பிறகு வந்தவற்றில் வாக்கியங்களுக்கு நடுவில் வந்தது. கடைசி ஐந்தில், பேச ஆரம்பிக்கும் முன்பே. ஆய்வகத்தில் என் மூக்குக்கு வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறார்கள். ஒருமுறை கூடத் தவறியதில்லை. இருமலை நான் அலைபேசியின் இரைச்சலோடு சேர்த்துத் தள்ளியிருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை தள்ளவில்லை.

நீச்சல் முடிந்து ஈரத் தலையோடு வந்த இனியா, "யார் பேசறாங்க?" என்று டச்சில் கேட்டாள். பெரியம்மா என்றேன். "இன்னும் உடம்பு சரியாகலையா?" என்றாள்.

பெரியம்மா இறந்துவிட்டதை அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் மறந்திருக்கிறாள்.

*

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அபி வீடியோவில் வந்தாள். கண் சிவந்து, மூக்கு நுனியில் கரி. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி! வந்திடிச்சி சித்தி!"

"என்ன வந்துச்சு?"

"கொயம்பு! தண்ணித் தொட்டி கய்வலாம்னு தள்ளினேன். பின்னால சாக்குல ஒரு வல. கருப்பா, எண்ணெயா. மோந்து பாத்தேன். அப்டியே அம்மா பொடவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. அப்பறம் வேலிக்கு அந்தாண்ட கல்லு கூட கீது. சவுக்கு மிளாறு பொறுக்கினு வந்து சுட்டேன். சீனு மாமா ஒரு வாய் வெச்சாரு, தட்ட அப்டியே கீய வெச்சிட்டாரு. 'அண்ணி வந்துட்டாங்க'ன்னு சொல்லிட்டு அழுவறாரு. பந்தில எல்லாரும் அவரையே பாக்கறாங்க."

"அப்பா?"

"ரோட்டுக்குப் போய் நின்னுகினு கீறாரு. உள்ள வர மாட்டேன்றாரு." அவள் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "இன்னா சித்தி, பேசவே மாட்டேன்ற? உனக்கு சந்தோசமா இல்லயா?"

சொன்னேன். வரிசையாகச் சொன்னேன்: பதினான்காம் நிமிடம், நான் எழுதிய சொல், மடித்த சார்ட், சாக்கில் சுற்றித் திரும்ப வைத்தது.

"நியூஸ் வாசிக்கிற மாரி சொல்றியே சித்தி" என்றாள் கடைசியில். "அம்மா இருக்கும்போதே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் வெந்தயம் போடு, உப்பு கொறைன்னு எங்கள சுத்த விட்டியா?"

"உனக்கு வீசிங் இருந்துச்சு அபி."

"எனக்கு இருந்துச்சி, சரி. அம்மாக்கு இருந்தப்ப இன்னா பண்ண?"

படம் ஆடியது. போன் கை மாறியது. மாமாவின் முகம் பாதிதான் தெரிந்தது. எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. நான் அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தேன்.

"நீ எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட மிசினு வெச்சி கண்டுபுடிச்ச பவி" என்றார். "நான் பக்கத்துல படுத்துகினு கீறேன். தெனம் தலைல பொக வாசன. கடை வாசன போலன்னு நெனச்சிகினேன். வாசன நல்லாதான் இருந்திச்சி. அதான் கேக்கல."

பின்னால் யாரோ குழம்பு கேட்டார்கள். "இருப்பா, ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்தார்.

*

அதன் பிறகு பத்து நாள் அபி பேசவில்லை. வலையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னேன், மாமா முடியாது என்றார். கேஸுக்குத் திரும்பச் சொன்னேன், அபி முடியாது என்று மாமா மூலமாகச் சொன்னாள். ஒரு வரைபடம் அனுப்பினேன்: மூடியுள்ள இரும்பு டிரம், பக்கத்தில் நெருப்புப் பெட்டி, எட்டடிக் குழாய். கருவாடு டிரம்முக்குள், ஆள் இருபதடி தள்ளி. மாமா கேளம்பாக்கத்தில் வெல்டிங் கடையில் கொடுத்துச் செய்து வாங்கினார்.

இன்றைய நிலை:

'கிழக்குக் கடல்' நிறுத்தப்பட்டுவிட்டது. ஆய்வகத்தில் மீதமிருந்த மாதிரிகளை அழிக்க, உருவாக்கியவர் என்ற முறையில் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எதையும் வீட்டுக்கு எடுத்து வரவில்லை.

விறகுப் புகைச் சுவையை உருவாக்கும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய கோப்பில் பதினான்காம் நிமிடத்துக்கு எதிரே இருந்த என் குறிப்பை மார்லேன் கண்டுபிடித்து, இது எந்த விறகு என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

கடையில் நான்கு பெஞ்சும் நிறைகின்றன. சீனு முதல் பந்தியில் உட்காருகிறார்.

டிரம்மில் சுட்டது பரவாயில்லை, ஆனால் தகர வாடை அடிக்கிறது என்று அபி சொல்கிறாள். தினமும் டிரம்மில்தான் சுடுகிறேன் என்றும் சொல்கிறாள். மாமா ஐந்து மணிக்குக் கோவளம் போய் ஏழு மணிக்குத் திரும்புகிறார்.

அபி மறுபடி எனக்குக் குரல் செய்தி அனுப்புகிறாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்கிறேன். முதல் முறை அவள் சொல்வதற்காக. இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, வாக்கியங்களுக்கு நடுவில் கேட்கிறேன். இதுவரை பதினேழு வந்திருக்கின்றன. பதினேழிலும் இருமல் இல்லை.